கோதைன்னு பேர் வைக்கலாமா? அந்தப் பேரோட அர்த்தம் என்ன?

பொண்ணு பிறந்திருக்கு, கோதைன்னு வைக்க ஆசைப்படறோம், ஆனா வீட்டுல பெரியவங்க "அது ஐயங்கார் வீட்டுப் பேரு"ங்கறாங்க, ஃப்ரெண்ட்ஸ் "பாட்டி பேரு மாதிரி இருக்கு"ங்கறாங்க, நெட்ல தேடினா எல்லா பேபி நேம் சைட்லயும் 'ஆண்டாளின் மறுபெயர்'னு ஒரே வரிதான் வருது, அதைத் தாண்டி ஏதாவது அர்த்தம் இருக்கான்னு கேட்டிருக்கீங்க. இருக்கு, நிறையவே இருக்கு. வைக்கலாமான்னா தாராளமா வைங்க. ஏன் சொல்றேன்னா ஆண்டாளுக்குப் பல நூறு வருஷம் முன்னாடியே புழக்கத்துல இருந்த பேரு இது, அதுவும் முதல்ல நமக்குத் தெரிய வர்ற 'கோதை'கள் பொண்ணுங்களே இல்ல, ராஜாக்கள். அதுக்கு அப்புறம் வரேன்.

முதல்ல சொல்லோட பொருள். ஊசியில நூல் கோக்கறோம், பூ கோக்கறோம், மணி கோக்கறோம் இல்லையா, அந்த 'கோ'தான் வேர். (இப்ப எல்லாரும் கோர்க்கறதுன்னு 'ர்' போட்டு எழுதறோம், பழைய வடிவம் கோத்தல்தான், 'கைகோத்து'ன்னு எழுதினா தப்புன்னு நினைச்சு திருத்தற ஆளுங்க எல்லாம் இருக்காங்க, விடுங்க.) அந்த வேர்ல இருந்துதான் கோவை வருது, பாட்டுகளை வரிசையா கோத்து வச்சா அது கோவை. அதே குடும்பத்துலதான் கோதையும். கோத்து வச்சது, அதாவது பூமாலை. கட்டின பூ, தொடுத்த பூ, கோத்த பூன்னு மூணு விதமா பூக்காரங்க இன்னும் பிரிச்சு சொல்லுவாங்க, அதுல மூணாவதுதான் இங்க அடிப்படை, ஆனா இலக்கியத்துல அவ்ளோ கறாரா எல்லாம் பார்க்கறதில்ல, பொதுவா மாலைன்னுதான் வரும்.

இதுல ஒரு சின்ன நுணுக்கம் இருக்கு. பழைய தமிழ்ல மாலைக்கு ஏகப்பட்ட பேரு. தலையில சூடறது கண்ணி. மார்புல ஆம்பளைங்க போட்டுக்கறது தார். பொம்பளைங்க போட்டுக்கறது கோதை. உரைகாரங்க இப்படித்தான் பிரிக்கறாங்க. பாட்டுல எப்பவும் இந்தப் பிரிவை மீறாம இருக்காங்களான்னா இல்ல, கீழ ஒரு பாட்டு சொல்றேன், அதுல ராஜா மார்புலயே கோதைதான் கிடக்கு. ஆனா பொதுவா கோதைன்னா பெண்ணோட மாலைங்கற நினைப்பு இருந்திருக்கு. அதுல இருந்து ரெண்டு பக்கம் பொருள் விரிஞ்சிருக்கு. பூ சூடின கூந்தலையும் கோதைன்னாங்க. அப்புறம் மாலை போட்ட பெண்ணையே கோதைன்னாங்க. இலக்கணத்துல இதுக்கு ஆகுபெயர்னு ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க, ஒரு பொருளோட பேரு அதோட சம்பந்தப்பட்ட ஆளுக்கு ஆகி வர்றது. 'பூங்கோதை வந்தாள்'னா அன்மொழித்தொகை, பூங்கோதையை அணிஞ்ச பெண் வந்தாள்னு விரிச்சுக்கணும். பூங்குழலி, பொற்றொடி எல்லாம் இதே கணக்குல உருவான பேருங்கதான்.

நிகண்டு, அகராதி எடுத்துப் பார்த்தீங்கன்னா இன்னும் ஒரு பொருள் கிடக்கும், அதைப் பார்த்துட்டு பயந்துடாதீங்க. உடும்பு! சமஸ்கிருதத்துல உடும்புக்கு கோதா, அதாவது அழுத்தமான 'த'வோட ஒரு சொல் இருக்கு, அது தமிழ் எழுத்துல வந்து விழும்போது இதே கோதையா ஆயிடுச்சு. வில் விடறவங்க கையில கட்டிக்கிற தோல் உறைக்கும் அதே சொல்தான். நம்ம கோதைக்கும் அதுக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது, எழுத்துல மட்டும் ஒண்ணா நிக்குது. எவனாவது அரைகுறையா அகராதி பார்த்துட்டு வந்து "உங்க பொண்ணு பேருக்கு உடும்புன்னு அர்த்தம் தெரியுமா"ன்னு கேட்பான், அன்னைக்கு ரெடியா இருக்கணும்னுதான் சொல்லி வைக்கிறேன்.

இப்ப ராஜாக்கள் கதை. சேரர்களுக்கு கோதைங்கறது குடிப்பேரு மாதிரியே இருந்திருக்கு. கோக்கோதை மார்பன், குட்டுவன் கோதை, மாக்கோதைன்னு சங்கப் பாட்டுகள்லயே மூணு பேரு வர்றாங்க. சும்மா பாட்டுல மட்டும்னு நினைச்சுடாதீங்க, கரூர் பக்கம் அமராவதி ஆத்துல கிடைச்ச வெள்ளிக் காசுகள்ல ராஜா தலை உருவம் போட்டு மேல தமிழ் பிராமி எழுத்துல 'மாக்கோதை'ன்னு ஒண்ணுலயும் 'குட்டுவன் கோதை'ன்னு இன்னொண்ணுலயும் பொறிச்சிருக்கு. ஒரு பேரு காசுல ஏறின பழமைன்னா இதுதான். இன்னைக்கு ட்ரெண்டிங்கா இருக்கற எத்தனை பேருக்கு இந்தப் பெருமை இருக்குன்னு யோசிச்சுக்கோங்க.

புறநானூறு 48ஆவது பாட்டு, பொய்கையார் பாடினது, கோக்கோதை மார்பனைப் பத்தினது. ஒரு இரவலனை ராஜாகிட்ட அனுப்பற மாதிரி பாட்டு. அதோட ஆரம்பத்தைப் பாருங்க:

கோதை மார்பிற் கோதை யானும்
கோதையைப் புணர்ந்தோர் கோதை யானும்
மாக்கழி மலர்ந்த நெய்த லானும்
கள்நா றும்மே கானலம் தொண்டி

கோதைங்கற ராஜாவோட மார்புல கிடக்கற கோதையால, அந்தக் கோதையைத் தழுவின பொண்ணுங்களோட கோதையால, கழியில பூத்த நெய்தல் பூவால, எங்க தொண்டி ஊரே தேன் மணக்கும்ங்கறார். (இந்தத் தொண்டி மேற்குக் கடற்கரையில சேரநாட்டுத் தொண்டி, ராமநாதபுரம் பக்கம் இருக்கற தொண்டி இல்ல.) ரெண்டு வரியில நாலு கோதை, ரெண்டு தடவை ராஜா, ரெண்டு தடவை மாலை. பேரை வச்சு இப்படி விளையாடணும்னா அந்தச் சொல் கேட்கறவன் காதுல ரெண்டு பொருள்லயும் உயிரோட இருந்திருக்கணும், இல்லேன்னா இந்த விளையாட்டே எடுபடாது. அடுத்த பாட்டு 49லயும் அதே ஆளு, இவனை மலைநாட்டு ராஜான்னு சொல்லவா, வயல் ஊர்க்காரன்னு சொல்லவா, கடற்கரைக்காரன்னு சொல்லவா, 'ஓங்குவாள் கோதையை' எப்படித்தான் சொல்லுவேன்னு திணர்றார். ஓங்கின வாள் பிடிச்ச கோதை! நாம கோதைன்னா கிளி வச்சுக்கிட்டு நிக்கற உருவத்தை மட்டும் நினைக்கிறோம்.

245ஆவது பாட்டு வேற மாதிரி. அதைப் பாடினவரே ஒரு கோதைதான், சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை. பொண்டாட்டி செத்துப்போன பிறகு பாடினது. கள்ளிக்காட்டுல, விறகு அடுக்கின சிதையில அவளை வச்சாச்சு, நான் இன்னும் உயிரோட இருக்கேனே, இந்த வலி எவ்ளோ பெருசா இருந்தா என்ன, என் உயிரை வாங்கற அளவுக்கு அதுக்கு பலம் இல்லையேன்னு புலம்பறார். புறநானூறுல எனக்கு எப்பவும் தொண்டையை அடைக்கற பாட்டு அது, பொண்டாட்டிக்காக ஒரு ராஜாவே எழுதின இரங்கல். அந்த ஆளு பேருதான் உங்க பொண்ணுக்கு வைக்கப் போறீங்க, ஒரு விதத்துல பார்த்தா.

மூவேந்தரைப் பாடற பழைய நூலான முத்தொள்ளாயிரத்துல சேரன் பேரே பெரும்பாலும் கோதைதான். ஒரு வெண்பாவுல கோதை உலா வரும்போது அம்மாங்க எல்லாம் கதவைச் சாத்தறாங்க, பொண்ணுங்க எல்லாம் திறக்கறாங்க, சாத்தி சாத்தி திறந்து திறந்து கதவோட குடுமியே தேஞ்சு போச்சாம். அந்தக் காலத்து கதவுக்கு கீல் கிடையாது, குடுமி குழியில சுத்தும், அது தேயணும்னா எத்தனை தடவை சாத்தித் திறந்திருக்கணும்!

அப்புறம் சுந்தரரோட நண்பர் சேரமான் பெருமாள் நாயனார் இருக்காரே, அவருக்கு இயற்பேரு பெருமாக்கோதையார்னு பெரியபுராணம் சொல்லுது. அவரு ஆண்ட கொடுங்கல்லூருக்கு மகோதைன்னே பேரு, சுந்தரர் திருவஞ்சைக்களப் பதிகத்துல 'கடலங்கரை மேல் மகோதை'ன்னு பாடறார். கல்வெட்டுல கோதை இரவின்னு ஒரு சேரப் பெருமாள் 10ஆம் நூற்றாண்டுல இருக்கார். கேரளத்துல இந்த ஆம்பளைப் பேரு ரொம்ப நாள் ஓடிச்சு, ராஜ குடும்பங்கள்ல கோதவர்மான்னு வரிசையா வச்சிருக்காங்க. கேரளா ஸ்போர்ட்ஸ் கவுன்சிலை உருவாக்கின கர்னல் ஜி.வி. ராஜா (1908-1971), அந்த ஜி.வி. என்னன்னா கோதவர்மாதான், அவர் பிறந்த அக்டோபர் 13தான் அங்க ஸ்போர்ட்ஸ் டே. அதே மலையாளத்துல 'வாயில் தோன்னியது கோதய்க்கு பாட்டு'ன்னு ஒரு பழமொழியும் உண்டு, வாய்க்கு வந்ததெல்லாம் கோதைக்குப் பாட்டுன்னு, அர்த்தமில்லாம உளர்றவங்களைக் கிண்டல் பண்றதுக்கு. அதுல வர்ற கோத ஒரு சாதாரண உழைக்கற வீட்டுப் பொண்ணு. அரண்மனையில வர்மா, வயக்காட்டுல கோத, ரெண்டும் ஒரே பேரு. பேருக்கு ஜாதி இருக்குன்னு சொல்றவங்களுக்கு இதைக் காட்டுங்க.

தமிழ்ப் பக்கம் மட்டும் இது முழுக்க பொண்ணு பேரா மாறினதுக்குக் காரணம் ஒரே ஒரு ஆளு. ஸ்ரீவில்லிபுத்தூர்ல பெரியாழ்வார் நந்தவனத்துல துளசிச் செடிக்குப் பக்கத்துல ஆடிப் பூரத்தன்னைக்குக் கிடைச்ச குழந்தை. மாலை கட்டி பெருமாளுக்குச் சாத்தறதே வாழ்க்கையா வச்சிருந்த மனுஷன் தனக்குக் கிடைச்ச பொண்ணுக்கு மாலைன்னே பேரு வச்சார், அதுல ஒரு நியாயம் இருக்கு பாருங்க. பூக்கடைக்காரர் பொண்ணுக்கு மல்லிகான்னு வைக்கிற மாதிரி, ரொம்ப வீட்டுத்தனமான பேரு. அந்தக் குழந்தை பெருசாகி, சாமிக்குக் கட்டி வச்ச மாலையைத் தான் முதல்ல போட்டு அழகு பார்த்துட்டு அனுப்புச்சு, ஒரு நாள் மாலையில தலைமுடி இருந்ததை வச்சு அப்பா கண்டுபிடிச்சார், திட்டிட்டு வேற மாலை கட்டினார், பெருமாள் கனவுல வந்து அவ சூடினதுதான் எனக்கு வேணும்னார்ங்கற கதை உங்களுக்குத் தெரிஞ்சதுதான். ஆனா இந்தப் பேரோட பார்க்கும்போது எனக்கு அதுல ஒண்ணு தோணும். மாலைக்கும் கோதைன்னு பேரு, கூந்தலுக்கும் கோதைன்னு பேரு, மாட்டிக்கிட்டது மாலையில சிக்கின கூந்தல்! கதை கட்டினவங்க இதை நினைச்சுதான் கட்டினாங்களான்னு எல்லாம் கேட்காதீங்க, பொருந்துது, அவ்ளோதான்.

இப்ப நெட்ல போட்டிருக்கற 'ஆண்டாளின் மறுபெயர்'ங்கற வரி இருக்கே, அது தலைகீழ். அவங்க தன்னை எங்கயும் ஆண்டாள்னு சொல்லிக்கல. ஆண்டாள்ங்கறது பின்னால வந்தவங்க வச்சது. அவங்க பாட்டுல கையெழுத்து போடற பேரு கோதைதான். திருப்பாவை 30ஆவது பாட்டுல 'பட்டர்பிரான் கோதை சொன்ன சங்கத் தமிழ்மாலை முப்பதும்'னு வருது. கோதைன்னாலும் மாலை, அவங்க சொன்னதும் தமிழ்மாலை, அப்ப மாலை சொன்ன மாலைன்னு ஆகுது. 143 பாட்டு உள்ள நாச்சியார் திருமொழியிலயும் பதிகம் பதிகமா கடைசிப் பாட்டுல பட்டர்பிரான் கோதை, விட்டுசித்தன் கோதைன்னு இதே மாதிரி வரும். பட்டர்பிரான், விட்டுசித்தன் ரெண்டுமே பெரியாழ்வாரோட பேருதான், கவனிச்சீங்கன்னா பெரும்பாலும் அப்பா பேரு முன்னாடி, தன் பேரு பின்னாடி. நம்ம இனிஷியல் மாதிரியேதான். 8, 9ஆம் நூற்றாண்டுல ஒரு பொண்ணு தன் ஊரு, அப்பா பேரு, தன் பேரு மூணையும் தன் எழுத்துக்குள்ள பதிச்சு வச்சுட்டுப் போயிருக்கு. சாமி பேருன்னு வைக்காதீங்க, ஒரு கவிஞரோட கையெழுத்துன்னு வைங்க. எனக்கு இந்தப் பேரு பிடிக்கறதுக்கு முதல் காரணமே அதுதான், பக்தி எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

பின்னால வந்த வைஷ்ணவ பெரியவங்களும் இந்தப் பேரை விடல. 'கோதை தமிழ் ஐயைந்தும் ஐந்தும் அறியாத மானிடரை வையம் சுமப்பதும் வம்பு'ன்னு ஒரு பாட்டு மார்கழியில லவுட் ஸ்பீக்கர்ல கேட்டிருப்பீங்க. ஐயைந்து இருபத்தஞ்சு, கூட ஒரு அஞ்சு, மொத்தம் முப்பது. அந்த முப்பதும் தெரியாதவங்களை பூமி சுமக்கறதே வீண்ங்கறாங்க, கொஞ்சம் ஓவர்தான், ஆனா அந்தக் 'கோதை தமிழ்'ங்கற பிரயோகம் அழகு. ஒரு பொண்ணு பேரைத் தமிழுக்கே அடைமொழியா போட்டாச்சு.

வடமொழிக்குப் போகும்போது கோதை கோதா ஆயிடுது, முதல் எழுத்து மெத்துன்னு ஆகி, கோதாவரியில வர்ற 'கோ' மாதிரி. வைஷ்ணவ ஆச்சாரியர் வேதாந்த தேசிகர் கோதா ஸ்துதின்னே 29 ஸ்லோகம் பண்ணியிருக்கார். சமஸ்கிருத வழியில இதுக்கு வேற அர்த்தம் சொல்லுவாங்க, கோ-ன்னா வாக்கு, தா-ன்னா தர்றது, அதனால நல்ல வாக்கைத் தர்றவள்னு. அழகான விளக்கம்தான், ஆனா அது பேரு போய்ச் சேர்ந்த பிறகு அங்க செஞ்ச விளக்கம். தெலுங்குல கோதாதேவி. கிருஷ்ணதேவராயர், அந்த விஜயநகரப் பேரரசரே, ஆமுக்தமால்யதன்னு இந்தக் கோதை கதையைத்தான் தெலுங்குல பெருங்காவியமா எழுதினார், ஆமுக்தமால்யதன்னாலே சூடின மாலையைக் கொடுத்தவள்தான். தமிழ்நாட்டுப் பொண்ணு கதையை கன்னட தேசத்துத் தலைநகர்ல இருந்துக்கிட்டு தெலுங்குல எழுதியிருக்கார். இன்னைக்கும் ஆந்திரா தெலங்கானாவுல போகியன்னைக்கு கோயில்ல கோதா கல்யாணம் நடக்கும். அதனால உங்க பொண்ணு நாளைக்கு ஹைதராபாத்ல வேலைக்குப் போனா பேரை யாரும் புதுசா பார்க்க மாட்டாங்க, என்ன, 'கோதா'ன்னு கூப்பிடுவாங்க. தமிழ் பேப்பர்ல 'தேர்தல் கோதாவில் குதித்தார்'னு வருமே அந்த மல்யுத்தக் களம் கோதா வேற, கோதண்டராமன்ல வர்ற கோதண்டம் (அது ராமர் வில்லு) வேற, கோதாவரி வேற. இதை எல்லாம் ஒண்ணா போட்டுக் குழப்பற சைட் இருக்கு.

இப்ப உங்க வீட்டுப் பெரியவங்க சொன்ன 'ஐயங்கார் பேரு'. ஐயங்கார் வீடுகள்ல நிறைய இருக்குங்கறது உண்மைதான், மறுக்க முடியாது. கோதை, கோதைநாயகி, கோதாம்மாள் இப்படி எல்லாம் திருவல்லிக்கேணி, ஸ்ரீரங்கம் பக்கம் பழைய தலைமுறையில சாதாரணம். அதுல பெரிய பேரு வை.மு. கோதைநாயகி அம்மாள் (1901-1960). 115 நாவல் எழுதினவங்க, ஜகன்மோகினின்னு ஒரு பத்திரிகையை 1925ல எடுத்து பல வருஷம் நடத்தினவங்க, சுதந்திரப் போராட்டத்துல ஜெயிலுக்குப் போனவங்க. வை.மு.ங்கறது வைத்தமாநிதி முடும்பைன்னு புகுந்த வீட்டுக் குடும்பப் பேரு. அதை முன்னாடி போட்டு வை.மு.கோ.ன்னுதான் வாசகர்களுக்குத் தெரியும். ஆண்டாள் அப்பா பேரோட கையெழுத்து போட்டாங்க, இவங்க புருஷன் வீட்டுப் பேரோட, ரெண்டு பேருமே எழுத்தாளர், ரெண்டு பேருமே கோதை. உங்க பொண்ணுக்கு தன் பேரை மட்டும் தனியா போட்டுக்கற வாய்ப்பு இருக்கு.

ஆனா ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், விருதுநகர் பக்கம் போய்ப் பாருங்க, ஆண்டாள், கோதை, நாச்சியார், சூடிக்கொடுத்தாள்னு பேரு வச்சிருக்கறவங்க எல்லா சமூகத்துலயும் இருக்காங்க. அந்த ஊரு பொண்ணு அவங்க, அந்த ஊரு பேரு அது, அவ்ளோதான். ஆடிப் பூரத் தேர் இழுக்கறவங்க எல்லாம் ஒரே ஜாதியா என்ன? அங்க இருந்து மாலை சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை அழகருக்குப் போகுது, புரட்டாசி பிரம்மோற்சவத்துக்குத் திருப்பதிக்குப் போகுது, அழகர் ஆத்துல இறங்கும்போது நிக்கற லட்சக்கணக்கான கூட்டத்துல யாரும் இது யாரு வீட்டு மாலைன்னு கேட்கறதில்ல.

இன்னொரு பக்கம், கோயில் சம்பந்தமே வேண்டாம்னு தனித்தமிழ்ப் பேரு தேடினவங்களும் இதே சொல்லுக்குத்தான் வந்து சேர்ந்தாங்க. பூங்கோதை, மலர்க்கோதை, தமிழ்க்கோதை. திராவிட இயக்கக் குடும்பங்கள்ல பூங்கோதை நல்லாவே இருக்கு, திமுகவுல அமைச்சரா இருந்த டாக்டர் பூங்கோதை ஆலடி அருணா தெரிஞ்ச உதாரணம். திருப்பாவை சொல்ற வீடும் திருக்குறள் மட்டும் போதும்ங்கற வீடும் சண்டை இல்லாம ஒத்துக்கற பேரு தமிழ்ல ரொம்பக் கம்மி, இது அதுல ஒண்ணு. மாமியார் வீடு ஒரு பக்கம், உங்க அப்பா வீடு ஒரு பக்கம்னு இழுத்துக்கிட்டு இருந்தா இந்த பாயிண்டைச் சொல்லிப் பாருங்க.

'பாட்டி பேரு'ங்கறதுக்கு என்ன சொல்றது, ஆமா பாட்டி பேருதான். ஷ, ஸ, ஹ கலந்து ரெண்டு எழுத்துல வைக்கற ஃபேஷன்ல இப்ப கிளாஸ்க்கு நாலு பேரு ஒரே பேரோட இருக்காங்க, டீச்சர் இனிஷியல் போட்டுக் கூப்பிட வேண்டியிருக்கு. கோதைன்னு கூப்பிட்டா ஒரே ஒரு குழந்தைதான் திரும்பும். கயல், யாழினி, நிலா எல்லாம் திரும்ப வந்த மாதிரி இதுவும் மெல்ல வந்துக்கிட்டுதான் இருக்கு. ரெண்டே எழுத்து, வாய் நிறைய வருது, நாக்கு சுளுக்காது. வெட்டிச் சுருக்க வேண்டிய அவசியமும் இல்ல, செல்லமா கோதைக்குட்டி, கோதும்மான்னு கூப்பிட்டுக்கலாம். கிண்டல் வருமான்னா வரும், 'போதை'ன்னு எதுகை போடாத பையன் எந்த ஸ்கூல்லயும் இருக்க மாட்டான். அதே எதுகையில சீதை, ராதை, கீதை, மேதை எல்லாமும் இருக்கு. மேதைன்னு திருப்பிச் சொல்லக் கத்துக்கொடுங்க, முடிஞ்சது.

வெறும் கோதையா, பூங்கோதையா, கோதைநாயகியான்னா நான் வெறும் கோதைக்குத்தான் ஓட்டு போடுவேன். பூங்கோதைன்னாலும் அழகுதான், ஆனா மாலைன்னாலே பூ உள்ள வந்துடுது. கோதைநாயகி பாஸ்போர்ட்ல எழுதினா நீளம், ஏர்போர்ட்ல வெள்ளைக்காரன் பாதியில நிறுத்திடுவான். கோதை ஸ்ரீ, கோதை ப்ரியா, கோதை ஷிவானி மாதிரி ஒட்டு மட்டும் தயவுசெஞ்சு வேண்டாம், பட்டுப்புடவைக்கு மேல ஜீன்ஸ் ஜாக்கெட் போட்ட மாதிரி இருக்கும். ரெண்டு குடும்பமும் ஒத்து வரலேன்னு வேற பேரு சேர்த்தே ஆகணும்னா தமிழ்ப் பேராவே சேருங்க, கோதைமொழி, கோதைமலர்ங்கற மாதிரி.

நட்சத்திர எழுத்து பார்க்கறவங்களா இருந்தா ஒரு விஷயம். எழுத்து அட்டவணையில 'கோ' ரெண்டு இடத்துல வரும். அழுத்தமான கோ புனர்பூசம் ரெண்டாம் பாதத்துக்கு, மெத்துன்னு வர்ற கோ (கோதாவரியில வர்ற மாதிரி) சதயம் முதல் பாதத்துக்கு. தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே எழுத்து. தமிழ் உச்சரிப்புல கோதை புனர்பூசத்துக்குப் பொருந்தும், கோதான்னு சொன்னா சதயத்துக்குப் பொருந்தும், ஜோசியர்கிட்ட பேசி எப்படி வேணா சரிக்கட்டிக்கலாம். இதுல சேராத நட்சத்திரம்னா ஜாதகத்துக்குத் தனியா ஒரு பேரு காதுல சொல்லிட்டு ரெக்கார்டுல கோதைன்னு வைக்கற வழக்கம் எத்தனையோ வீட்டுல இருக்கு. நியூமராலஜி பார்த்து நடுவுல ஒரு எச்சும் கடைசியில ஒரு ஒய்யும் சேர்க்கறேன்னு மட்டும் கிளம்பாதீங்க.

அதைவிட முக்கியம் இங்கிலீஷ் ஸ்பெல்லிங். கே-ஓ-டி-எச்-ஏ-ஐன்னு (Kodhai) நிறைய பேர் எழுதறாங்க, டி-எச் நம்ம நாக்குல வர்ற மெத்துன்னு இருக்கற 'தை'க்குப் பக்கத்துல வருது. இல்லேன்னா அந்த 'd'க்குப் பதிலா 't' போட்டு அதோட எச் சேர்த்து, நாம கீதா, லதாவுக்கு எழுதற மாதிரி (Kothai) எழுதறவங்களும் உண்டு. அது தமிழ்நாட்டுக்குள்ள ஓகே, வெளியில போனா 'கோத்தை'ன்னு அழுத்திப் படிப்பாங்க. எச் இல்லாம வெறும் 'd' மட்டும் (Kodai) போட்டா வடக்கே 'கோடை'ன்னு படிச்சுடுவாங்க, பொண்ணு கொடைக்கானல் ஆயிடும். எதுவோ ஒண்ணு, பர்த் சர்டிஃபிகேட்ல போடறதுதான் ஆதார்ல இருந்து டென்த் மார்க்ஷீட் வரைக்கும் ஓடப் போகுது, அதனால ஆஸ்பத்திரி ஃபார்ம்ல அவசரப்பட்டு ஏதோ ஒரு ஸ்பெல்லிங்கை எழுதிக் கொடுத்துடாதீங்க. பேரு இல்லாமலே பிறப்பைப் பதிவு பண்ணிக்கலாம், ஒரு வருஷத்துக்குள்ள கட்டணம் இல்லாம பேரைச் சேர்த்துக்கலாம், அதுக்கு அப்புறமும் பதிவு பண்ணின தேதியில இருந்து 15 வருஷம் வரைக்கும் தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். வீட்டுல எல்லாரும் ஒரு மாசம் கோதைன்னு கூப்பிட்டுப் பாருங்க, பெரியவங்க வாயில அது தானா படிஞ்ச பிறகு போய்ப் பதிஞ்சுக்கோங்க.